வெள்ளித் தகடு பதித்த துப்பாக்கி

வில்லும் வாளும் வேலும் ஏந்தியோரைப் பாடிய மொழி தமிழ். படைக்கலத்துக்கு மாலை சூட்டியும் நெய் பூசியும் போற்றிய மரபு நமக்கு உண்டு. துப்பாக்கிக்கு அத்தகைய இடம் நம் இலக்கியத்தில் வாய்க்கவில்லை. வாய்க்காததும் நன்றே என்பார் பலர். ஆயினும் ஒரு மனிதன் தன் கைக்கருவியோடு கொள்ளும் உறவு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் ஜிம் கார்பெட்டின் வாழ்வைப் படித்தல் வேண்டும். தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பால் குமாயுன் மலைகளையும் அவற்றின் ஆட்கொல்லிப் புலிகளையும் தமிழர் அறிவர். அக்கதைகளில் ஓசையின்றி உடன்வரும் மற்றொரு பாத்திரத்தை அவர்கள் அவ்வளவாகக் கவனித்ததில்லை. அது .275 அளவுடைய ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் நாள் நைனிடாலில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே, 1881இல், தந்தை மறைந்தார். தாய் மேரி ஜேன் சுருங்கிய வருவாயில் குடும்பத்தைத் தாங்கினார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரக் காலாதூங்கி என இரண்டு ஊர்களில் அவர்கள் வாழ்க்கை ஓடியது. காலாதூங்கியின் காடுதான் சிறுவனுக்குப் பள்ளி. கவண்வில்லில் தொடங்கி, உண்டைவில்லில் தேர்ந்து, பின்னரே அவன் துப்பாக்கிக்கு வந்தான்.

அவனுடைய முதல் துப்பாக்கியைக் கண்டால் இன்றைய வேட்டைக்காரர் நகைப்பர். குமாயுன் பறவைகளைப் பற்றி நூலெழுத முனைந்திருந்த ஸ்டீபன் டீஸ் என்பவர், பறவைகள் சேகரிப்பதில் உதவிய சிறுவனுக்கு அளித்த பரிசு அது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். வலக்குழல் பிளந்து போயிருந்தது. முறிந்த கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பியால் சுற்றிப் பிணைத்திருந்தார்கள். இரண்டு குழலில் ஒன்றுதான் உதவும். அதைத் தோளில் சார்த்திக்கொண்டு நடந்த சிறுவனுக்கோ அரசகட்டில் ஏறிய பெருமிதம்.

அந்தத் துப்பாக்கியைக் கண்டு நகையாதவர் ஒருவர் இருந்தார். சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர் குன்வர் சிங். தாகூர் குலத்தவர், அரசுக் காட்டில் திருட்டு வேட்டையாடுவதில் பெயர் பெற்றவர். சிறுவனின் கையில் ஆயுதத்தைப் பார்த்ததும், இனி அவன் பிள்ளையல்லன், ஆண்மகன் என்று அறிவித்து, மரம் ஏறக் கற்றுக்கொண்டால் இக்காட்டில் எங்கும் அஞ்சாமல் திரியலாம் என்று உறுதி கூறினார். ஓட்டைத் துப்பாக்கி என்று ஒரு சொல் சொல்லவில்லை. கருவியைத் தந்தவர் டீஸ். அதை ஏந்தும் தகுதியைத் தந்தவர் குன்வர் சிங். பல்லாண்டுகள் கழித்து அபினுக்கு அடிமையாகிச் சாவின் விளிம்பில் கிடந்த அக்கிழவரைக் கார்பெட் தேடிச் சென்று மீட்டதைத் தம் நூலொன்றில் விரிவாக எழுதியுள்ளார். அந்தக் கடனின் தொடக்கம் பித்தளைக் கம்பி சுற்றிய அந்தத் துப்பாக்கிதான்.

பத்து வயதில் நைனிடால் தொண்டர் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்தபோது, .450 அளவுடைய மார்ட்டினி ரைபிள் ஒன்று அவனுக்கு இரவலாகக் கிடைத்தது. சுடுபவன் தோளை இரக்கமின்றி உதைப்பதில் பேர்போன கருவி. அதைக் கொண்டுதான் தன் முதல் சிறுத்தையை அவன் வீழ்த்தினான். ஆனால் அது இரவல் பொருள். நல்லது சொந்தமாகாது, சொந்தமானது நன்றாக இராது என்ற நிலை இளமை முழுவதும் நீடித்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்ப வறுமை அவரை இரயில்வே வேலைக்கு அனுப்பியது. முதலில் எரிவிறகுக் கண்காணிப்பு. பின்னர் கங்கைக் கரையில் மொக்காமே காட் என்னுமிடத்தில், ஒரு வண்டியிலிருந்து மறுவண்டிக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தப் பணி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கூலியாட்களோடு கூலியாளாக அவர் உழைத்தார். விடுமுறை கிடைத்தபோது மட்டுமே காடு.

1907ஆம் ஆண்டு சம்பாவத்துப் பெண்புலியின் கதை வருகிறது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்று, அங்கிருந்து விரட்டப்பட்டு, குமாயுனில் புகுந்து மேலும் கொன்று, மொத்தம் 436 உயிர்களைக் கொண்டதாகக் கணக்கிடப்பட்ட புலி அது. கார்பெட் செல்ல ஒப்பினார். ஆனால் அதன் தலைக்கு வைத்த பரிசுப் பணத்தை விலக்கிக்கொள்ள வேண்டும், கூலிக்குச் சுடும் வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று இரு நிபந்தனைகள் விதித்தார். இந்த நிபந்தனைகளை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

அன்றைய வேட்டையில் அவர் கையிலிருந்தது .500 அளவுடைய கனத்த ரைபிள். கொண்டு சென்ற தோட்டாக்கள் மூன்றே. மூன்றும் தீர்ந்தன. அடிபட்ட புலி இன்னும் நின்றது. அவர் ஓடிச்சென்று, உடன் வந்திருந்த தாசில்தாரின் கையிலிருந்த பழந்துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு புலியை நெருங்கினார். நெருங்கிய பின்பே கவனித்தார்: குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி விட்டிருந்தது. வெடித்தால் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கலாம். திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு முன்காலில் பட்டது. நல்லவேளை, முந்தைய குண்டுகளின் காயத்தாலேயே புலி மாண்டது. தன் கைக்குப் பழகாத கருவி, உற்ற நேரத்தில் எவ்வளவு அயலானது என்பதை அந்த ஒரு கணம் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் நைனிடாலில் நடந்த தர்பாரில் ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் பரிசுகள் வழங்கினார். தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி. பலியான பெண்ணின் உடலைத் தேடிக் கார்பெட்டுடன் சென்ற ஊர்க்காரருக்கு ஒரு வேட்டைக்கத்தி. இவ்விரண்டையும் தம் நூலில் மகிழ்ச்சியோடு குறிக்கும் கார்பெட், தமக்குக் கிடைத்ததைப் பற்றி அங்கே பேசவில்லை. அவருக்குக் கிடைத்ததுதான் இலண்டன் ஜான் ரிக்பி நிறுவனத்தார் செய்த .275 ரைபிள். அதன் கட்டையில் ஒரு சிறு வெள்ளித் தகடு. சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றமைக்காக ஹியூவெட் வழங்கியது என்னும் செய்தி அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பணப் பரிசை மறுத்தவர் இதை மறுக்கவில்லை. ஆயுதத்தை விலையாக அவர் எண்ணாததே காரணமாகலாம்.

இந்த ரைபிளின் இயல்பைச் சற்று அறிதல் நலம். ஜெர்மானியர் மௌசர் அமைத்த தாழ்ப்பாள் பொறியை அடிப்படையாகக் கொண்டு ரிக்பி நிறுவனத்தார் மெருகேற்றிச் செய்தது. தாழ்ப்பாளை ஒருமுறை பின்னிழுத்து முன்தள்ளினால் அடுத்த தோட்டா குழலேறும். ஜெர்மானியர் 7 மில்லிமீட்டர் என்று கூறும் தோட்டாவையே ஆங்கிலேயர் தம் அளவையில் .275 என்றனர். குண்டு சிறியது, விரைவு மிக்கது, தோளுக்கு உதை குறைவு. எல்லாவற்றினும் மேலாக, எடை குறைவு. புலி வேட்டைக்கு அக்காலத்தோர் விரும்பியது கனத்த இரட்டைக்குழல்களையே. பெரிய குண்டே பெரிய விலங்கை நிறுத்தும் என்பது அவர்கள் கணக்கு. கார்பெட்டிடமும் ஜெஃப்ரி நிறுவனத்தார் செய்த .450/400 இரட்டைக்குழல் இருந்தது. அடர்ந்த புதரில் அதையே அவர் நம்பினார். ஆயினும் மலைச்சரிவில் விடியல் முதல் அந்திவரை, பல நாள் உணவும் உறக்கமும் குறைந்து நடப்பவனுக்கு, கையோடு கையாய் இருக்கும் இலகுவான கருவி வேறு ஓர் அருமை உடையது. ஒருவன் தன் துப்பாக்கியை நேசிப்பது அதன் வலிமைக்காக என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுவர். பழகியவர் அறிவர்: அது எங்கே சுடும் என்பது தெரியும் என்பதற்காகவே நேசிக்கிறார்கள். கண் பார்த்த இடத்துக்குக் கட்டை தானே வந்து கன்னத்தில் அமரும். விரல் விசையின் இறுக்கத்தை எண்ணாமலே அறியும். எழுதிப் பழகிய பேனாவை இரவல் தர மறுக்கும் புலவர்கள் இதை எளிதில் உணர்வர்.

1910இல் பனார் சிறுத்தை. அதன் கணக்கு 400 உயிர்கள். பின்னர் முதல் உலகப்போர். குமாயுன் தொழிலாளர் படைப்பிரிவில் 500 பேரைத் திரட்டி 1917இல் பிரான்சுக்கு அழைத்துச் சென்ற கார்பெட், ஒருவரைத் தவிர அனைவரையும் உயிரோடு ஊருக்கு மீட்டு வந்தார். இதை அவருடைய வேட்டைகள் எல்லாவற்றினும் பெரிய செயலென்று மதிப்பதே முறை. ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை யாத்திரை வழியில் எட்டாண்டுகள் 125 பேரைக் கொன்றது. 1926 மே 2ஆம் நாள் இரவு, மாமரக் கிளையில் அமர்ந்திருந்த அவருடைய மின்விளக்கு ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்தது. அந்த ஒரு நொடியில் குறி பார்த்து விசை இழுத்தார். சிறுத்தை மாண்டதா தப்பியதா என்று அறியாமல் விடியும்வரை இருளில் காத்திருந்தார். அந்நூலைப் படித்தோர் அக்காத்திருப்பை மறவார்.

.275 ரைபிளின் பெயர் நிலைக்கக் காரணமானது சௌகட் பெண்புலி. அதுவும் அதன் குட்டியும் சேர்ந்து ஐந்தாண்டுகளில் 64 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. 1930 ஏப்ரல் 11ஆம் நாள் மாலை. பறவை முட்டைகள் சேர்ப்பதில் இளமை முதலே ஆர்வம் கொண்ட கார்பெட், ஓடை வழியே செல்கையில் இராப்பக்கியின் முட்டைகள் இரண்டைக் கண்டார். வழக்கத்துக்கு மாறான வடிவம் கொண்டவை. அவற்றைப் பாசியில் பொதிந்து இடக்கையில் ஏந்திக்கொண்டார். வலக்கையில் .275. ஒரு பெரும்பாறையைச் சுற்றி மணலில் இறங்கியவர் வலத்தோள் வழியே திரும்பிப் பார்த்தார். எட்டடித் தொலைவில், முன்கால்களை நீட்டிப் படுத்தபடி, புலி அவர் முகத்தை நேராக நோக்கிக்கொண்டிருந்தது.

துப்பாக்கி மார்பின் குறுக்கே, வாய்ப்புறம் எதிர்த்திசை நோக்கி இருந்தது. அதைப் புலியின்பால் கொணர முக்கால் வட்டம் திருப்ப வேண்டும். விரைந்து திருப்பினால் புலி பாயும். ஆதலால் ஒற்றைக் கையாலேயே, அசைகிறது என்று தோன்றாதவாறு, அணுவணுவாக அவர் அதைத் திருப்பலானார். கை முழுதும் நீண்டு, நடுங்கத் தொடங்கியது. புலியின் கண் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. குழல் அதன் உடலைச் சுட்டிய கணம் விசையை அழுத்தினார். ஓசை எழுந்த பின்னும் புலி அசையாதிருந்ததால், எல்லாம் கனவோ என்று எண்ணும்படி இருந்தது. பின்னர் அதன் தலை மெல்லச் சாய்ந்து நீட்டிய கால்களின்மேல் அமர்ந்தது.

தாம் பிழைத்ததற்குக் காரணங்கள் மூன்றென்று பின்னாளில் அவர் ஆராய்ந்தார். இடக்கையில் முட்டைகள் இருந்தமையால் இரு கையாலும் துப்பாக்கியை விரைந்து திருப்பும் சபலம் எழவில்லை. எதிர்நின்றது ஆட்கொல்லியாதலால் அஞ்சி ஓடவில்லை. மூன்றாவது, துப்பாக்கி இலகுவானது. கனத்த இரட்டைக்குழலை ஒற்றைக் கையால் அவ்வாறு திருப்ப இயன்றிராது. தம் திறமையை அவர் இப்பட்டியலில் சேர்க்கவில்லை. வேட்டைக் கதை சொல்வோரிடம் இது அரிய குணம். பின்னர் அவர் செய்தது இன்னும் அரியது: முட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். அரைமணி கழித்துப் பார்க்கையில் தாய்ப்பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது.

கனத்த துப்பாக்கி அவருக்கு வேறு வகையில் நினைவில் நின்றது. முந்தைய ஆண்டில் உடன் வேட்டையாடியவர் ஒருவரின் பெரிய ரைபிள் காதருகே வெடித்ததால் அவர் செவி பழுதுற்று, சீழ்பிடித்து, உயிருக்கே ஊறாயிற்று. 1938 நவம்பர் 30ஆம் நாள் அந்தியில் தாக் பெண்புலியைப் புலிக்குரலால் தானே அழைத்து வரச்செய்து .450/400 கொண்டு சுட்டபோது, அதன் உதையால் பாறையினின்று பின்புறம் கீழே அமர்ந்திருந்த ஆட்கள்மேல் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 63. அவர் வீழ்த்திய கடைசி ஆட்கொல்லி அது.

இதற்குள் வேறொரு கருவி அவர் கைக்கு வந்துவிட்டது. வனத்துறை அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன் புலிகளைப் படமெடுப்பதைக் கண்டு உந்தப்பட்டுத் திரைப்படக் கருவி வாங்கினார் கார்பெட். ஓடையில் சிற்றணை கட்டி, விழும் நீரின் ஓசையில் கருவியின் இரைச்சலை மறைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து புலிகளைப் படம் பிடித்தார். தோலும் தலையும் உரியவனுக்கு மட்டுமே இன்பம். அதுவும் நாளடைவில் மங்கும். படமோ பார்ப்போர் அனைவர்க்கும் உரியது. இவ்வாறு எழுதியவர் புலித்தோல்கள் விரித்த வீட்டில் வாழ்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது. முற்பகுதி வாழ்வில் விளையாட்டுக்காகவும் அவர் சுட்டிருக்கிறார். விருந்தினரான ஆளுநர்களுக்கும் வைஸ்ராய்க்கும் வேட்டை ஏற்பாடு செய்திருக்கிறார். அவரை முழுத் துறவியாக்கும் புகழுரைகள் அவருக்கே உவப்பாயிரா. 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. அதுவே அவர் மறைவுக்குப் பின் கார்பெட் பெயரைத் தாங்கியது.

இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்குக் காட்டில் வாழும் முறையைக் கற்பித்து லெப்டினன்ட் கர்னல் நிலை பெற்றார். 1935இல் நைனிடாலில் நண்பர்களுக்கென நூறே படிகள் அச்சிட்ட சிறுநூல் விரிவுபெற்று, 1944இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தால் பம்பாயிலிருந்து குமாயுன் ஆட்கொல்லிகள் பற்றிய பெருநூலாக வெளிவந்தது. வருவாயில் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்கும் பங்கு கொடுத்தார்.

மணம் புரியாத அவருக்கும் மணம் புரியாத தமக்கை மேகிக்கும் விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் தமக்கு இடமிருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. தேவையற்ற ஐயம் என்றே காலாதூங்கி மக்கள் எண்ணியிருப்பர். 1947 நவம்பரில் இருவரும் நாட்டைவிட்டுப் புறப்பட்டனர். புறப்படுமுன், தாம் பயன்படுத்திய சில துப்பாக்கிகளை எவரிடமும் தர மனமின்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் அவர் புதைத்தார் என்று சொல்வதுண்டு. விற்றிருந்தால் காசு கிடைத்திருக்கும். பிறர் தோளில் அவற்றைக் காண்பதினும் மண்ணில் மறைப்பது மேலெனக் கருதுமளவு பற்று இருந்தது என்பதே அச்செய்தியின் பொருள். வெள்ளித் தகடு பதித்தது அக்கூட்டத்தில் சேரவில்லை.

கென்யாவின் நியெரியில், ஒருகாலத்தில் பேடன் பவல் வாழ்ந்த சிறுவீட்டில் உடன்பிறந்தோர் இருவரும் குடியேறினர். 1952 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு, ட்ரீ டாப்ஸ் என்னும் மரமேல் விடுதியில் இளவரசி எலிசபெத் தங்கியபோது, 76 வயதான கார்பெட் ஏணியின் உச்சியில் அமர்ந்து காவல் காத்தார். அவ்விரவில்தான் இளவரசியின் தந்தை இலண்டனுக்கப்பால் இறந்தார். மரமேறியவர் அரசியாக இறங்கினார். அந்நிகழ்வைப் பற்றிய சிறுநூலை எழுதி முடித்த கார்பெட், 1955 ஏப்ரல் 19ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். நியெரியின் புனித பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடங்கியது.

ரிக்பி துப்பாக்கி அவர் நூல்களைப் பதிப்பித்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரின் கைக்கு வந்து சேர்ந்தது. சொந்தப் பிள்ளைகள் இல்லாதவரின் பொருள், அவர் சொற்களைப் பேணியவர்களிடம் அடைக்கலம் புகுந்தது பொருத்தமே. சுடுவதற்கு ஆளின்றிப் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது. 2015இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு அத்துப்பாக்கி இந்தியாவுக்கு ஒருமுறை கொண்டுவரப்பட்டு, காலாதூங்கிக்கும் சென்று, மீண்டும் இலண்டன் திரும்பியது.